மார்ட்டின் பெக் வரிசை: பத்தாவது புத்தகத்தையும் முடித்த பிறகு

கடைசிப் புத்தகத்தில் மார்ட்டின் பெக்குக்கு வயிறு வலிக்கவில்லை. ஸ்டாக்ஹோம் போலீஸ் அதிகாரியான அவர் துப்பறியும் பத்து ஸ்வீடன் நாவல்களில் கடைசியான ‘தி டெரரிஸ்ட்ஸ்’ மீது எனக்குள்ள புகார்களில் முதலாவது இது. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை.

அந்த மனிதர் எனக்குப் பழக்கமானதே உடம்பு முடியாதவராகத்தான். காபி ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தும் குடிப்பார், குடித்துவிட்டு அவதிப்படுவார். ஸ்டாக்ஹோம் சுரங்க ரயிலில் கூட்டம் நெருக்கினால் குமட்டும். மழையும் குளிரும் தொடங்கினால் சளி பிடிக்கும், எளிதில் விடாது. மனைவியோடு பேச்சு வற்றிப்போன வீட்டில், ராத்திரி தனியே உட்கார்ந்து கப்பல் மாதிரிகளைச் செய்துகொண்டிருப்பார். கொலைகாரனைப் பிடித்த பிறகும் முகத்தில் மலர்ச்சி இருக்காது. துப்பறிகிறவர் என்றால் அபார மூளையும் அசாத்தியத் துணிச்சலும் உள்ளவர் என்று படித்துப் பழகிய எனக்கு, குமட்டலோடு ரயிலேறி வேலைக்குப் போகிற ஒருவர் கொலை வழக்கை நடத்துகிறார் என்பதே பெரிய விஷயமாக இருந்தது. நானும் பஸ்ஸில் நின்றுகொண்டு வேலைக்குப் போகிறவன். அவரை முதல் அத்தியாயத்திலேயே நம்பிவிட்டேன்.

பத்தாவதில் அவர் வேறு ஆள். விவாகரத்து ஆகிப் பல காலம் ஆயிற்று. எட்டாவது புத்தகத்தில் சந்தித்த ரேயா நீல்சன் இப்போது அவர் வாழ்க்கையில் நிலைத்துவிட்டாள். நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார், பழைய உபாதைகள் அவரை முன்போல ஆட்டிப்படைப்பதில்லை. ஏழாவது புத்தகத்தின் முடிவில் மார்பில் குண்டடி பட்டுச் சாவின் வாசல்வரை போய் வந்த மனிதர். அவருக்கு இந்த நிம்மதி நியாயமானது, தாமதமாகக் கிடைத்தது என்றுகூடச் சொல்லலாம். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் கூடவே வந்தவனிடம் சொல்லிக்கொள்ளாமல் அவர் குணமாகிவிட்டார்.

இதை இப்போது எழுதக் காரணம் ராணிப்பேட்டையில் இருக்கும் என் நண்பர். ஒன்பதாவதான ‘காப் கில்லர்’ வரை முடித்துவிட்டு, “பத்தாவதையும் வாங்கிவிடவா, இத்தோடு நிறுத்தவா? கடைசிப் புத்தகம் ஏமாற்றும் என்கிறார்களே” என்று கேட்டிருந்தார். ஆம் இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்ல முயன்றேன், வரவில்லை.

வரிசையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மாய் ஷோவால், பேர் வாலோ என்ற ஸ்வீடன் எழுத்தாளர் இணை, இருவருமே பத்திரிகையாளர்கள், 1965 முதல் 1975 வரை எழுதிய பத்து நாவல்கள் இவை. குழந்தைகள் தூங்கிய பிறகு இரவில் உட்கார்ந்து, ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதினார்கள். புத்தகத்துக்கு முப்பது அத்தியாயம், மொத்தம் முந்நூறு. பத்தும் சேர்ந்து ஒரே நாவல் என்று தொடங்கும்போதே திட்டம் போட்டுவிட்டார்கள். ‘ஒரு குற்றத்தின் கதை’ என்பது முழு வரிசைக்கும் அவர்கள் கொடுத்த பெயர். அந்தக் குற்றத்தைச் செய்தது யார் என்று கேட்டால், எல்லா மக்களையும் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்ட ஒரு நாடு என்பது அவர்கள் பதில். பத்தாவது வெளிவந்த அதே 1975-இல், ஜூன் மாதம், வாலோ இறந்தார். ஷோவால் 2020-வரை வாழ்ந்தார். பதினொன்றாவது என்று ஒன்றை அவர் எழுதவில்லை.

எனக்கு இந்தப் புத்தகங்கள் கிடைத்தது எங்கள் வங்கிக் கிளையில். மாற்றலாகிப் போன மேலாளர் ஒருவர் மூன்று புத்தகங்களை மேசை இழுப்பறையில் விட்டுச்சென்றார். வேலூர் பஸ் நிலையத்தில் மாத நாவல் வாங்கிப் படித்து வளர்ந்தவன் நான். குடியாத்தம் போய்ச் சேர்வதற்குள் கொலையாளி பிடிபட்டுவிடுவான். அந்த வேகம் எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் முதல் புத்தகமான ‘ரோஸானா’வை எடுத்த அன்று காட்பாடி தாண்டி, லத்தேரி தாண்டி, கே.வி.குப்பமும் தாண்டியாயிற்று, கால்வாயைத் தூர்வாரும்போது கிடைத்த பெண்ணின் உடல் யாருடையது என்றுகூடப் போலீஸுக்குத் தெரியவில்லை. பெயர் தெரியவே மாதங்கள் ஆகின்றன. பெயர் தெரிந்த பிறகு அவள் வந்த பயணிகள் படகில் கூட வந்தவர்களை ஊர் ஊராக, நாடு நாடாகத் தேடி, அவர்கள் விளையாட்டாக எடுத்த புகைப்படங்களையும் பிலிம் சுருள்களையும் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். எங்கோ ஒரு சுற்றுலாப் பயணி எடுத்த படத்தின் ஓரத்தில் நிற்கிறான் தேடப்படுகிற ஆள். இந்த வரிசையின் முழுச் சுவையும் அந்தக் காத்திருப்பில்தான். ஒரு கடிதத்துக்குப் பதில் வருவதற்காக ஒரு மனிதர் வாரக்கணக்கில் அலுவலகத்துக்கு வந்து போவதை எழுதி, நம்மையும் அந்தப் பதிலுக்காக ஏங்க வைக்க எவ்வளவு திறமை வேண்டும்!

நான்காவதான ‘தி லாஃபிங் போலீஸ்மேன்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓடும் பஸ்ஸில் ஒன்பது பேர் சுடப்படுகிறார்கள், அவர்களில் ஒருவர் பெக்கின் இளம் சகா. அமெரிக்காவின் எட்கர் விருது 1971-இல் அதற்குக் கிடைத்தது. ஒன்றே ஒன்று படிப்பேன் என்பவர்களுக்கு அதைத்தான் கொடுப்பேன்.

போலீஸ் துறையைப் பற்றிய ஆசிரியர்களின் கோபம் எனக்குப் புரியச் சில காலம் பிடித்தது. 1965-இல்தான் ஸ்வீடனில் ஊர் ஊராக இருந்த நகரப் போலீஸ் படைகளை ஒன்றாக்கி அரசின் கீழ் கொண்டுவந்தார்கள். முதல் புத்தகம் வந்ததும் அதே ஆண்டு. அதன் பிறகு ஒவ்வொரு புத்தகத்திலும் மேலிடம் பெருத்துப்போகிறது, அறிக்கைகள் பெருகுகின்றன, தெருவில் நிற்கும் போலீஸ்காரனுக்குத் தெருவைப் பற்றித் தெரிந்தது குறைகிறது. வடாற்காடு 1989-இல் பிரிந்ததையும், வேலூர் 2019-இல் மறுபடி மூன்று மாவட்டமானதையும் பார்த்தவர்களுக்கு, தலைமை அலுவலகம் இடம் மாறும்போது கடைசிப் படியில் நிற்கிறவர் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நிற்பது விளங்காத விஷயமல்ல. பெக் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, எதுவும் சொல்லாமல், வயிற்றுவலியோடு வேலை செய்தார். உடம்பு அவருக்குப் பதிலாகப் பேசியது. நான் அப்படித்தான் படித்தேன்.

அதனால்தான் பத்தாவதில் எனக்கு எரிச்சல். நாடு மோசமாகிக்கொண்டே போகிறது, அவர் மட்டும் தேறிக்கொண்டே போகிறார். ஆசிரியர்கள் இதைத் தெரிந்தே செய்திருக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. சுற்றிலும் இடிந்தாலும் ஒரு மனிதனும் ஒரு மனுஷியும் ஒரு சமையலறையில் சந்தோஷமாக இருக்க முடியும் என்று காட்ட விரும்பினார்கள். நியாயமான ஆசை. ஆனால் அந்த சந்தோஷத்துக்காக அவர்கள் அவரைக் கதையின் ஓரத்துக்கு நகர்த்திவிட்டார்கள். யாருக்கும் பிடிக்காத ஓர் அமெரிக்க செனட்டர் ஸ்டாக்ஹோம் வருகிறார். அவரைக் கொல்ல ஒரு சர்வதேசக் கும்பல் வருகிறது. பாதுகாப்புக்குப் பெக் பொறுப்பு. அவர் திறமையாகத் திட்டம் போடுகிறார், திறமையாக நடத்துகிறார். திறமை! ஒரு புகைப்படத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்த மனிதரிடம் நான் கேட்டது இதையல்ல. வெடிகுண்டு, ரகசிய ஏற்பாடு, வெளிநாட்டுக் கொலையாளி என்று வரும் பக்கங்களை வேறு யாராவதுகூட எழுதியிருக்கலாம்.

கோல்பெர்க் இல்லாததும் ஒரு பெருங்குறை. துப்பாக்கி ஏந்த மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த போலீஸ்காரர், சாப்பாட்டுப் பிரியர், பெக் மனத்தில் நினைப்பதை வாய்விட்டுச் சொல்கிறவர். ஒன்பதாவதின் முடிவில் அவர் வேலையை ராஜினாமா செய்துவிட்டார். அந்த ராஜினாமாவைப் படித்த அன்று ஓர் அலுவலக நண்பரை வழியனுப்பிய வருத்தம் எனக்கு இருந்தது. பத்தாவதில் அவர் இடம் காலியாகவே கிடக்கிறது. பெக் யாரிடமும் சிடுசிடுக்க ஆளில்லாமல் சுற்றுகிறார்.

ஈடு செய்ய குன்வால்ட் லார்சன் இருக்கிறார், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். முரட்டு ஆள், பணக்கார வீட்டில் பிறந்து அந்த வர்க்கத்தையே வெறுப்பவர், நல்ல துணி மேல் அப்படியொரு பிரியம். பாதுகாப்பு ஏற்பாடுகளைப் படித்துவர அவரை லத்தீன் அமெரிக்க நாடு ஒன்றுக்கு அனுப்புகிறார்கள். அவர் கண்ணெதிரே அங்கே ஓர் ஊர்வலத்தில் குண்டு வெடிக்கிறது. அந்தத் தொடக்கம் அபாரம். நடு ரோட்டில் நிற்கும் அந்த மனிதரின் அதிர்ச்சியை ஒரு சொல்கூட மிகையில்லாமல் எழுதியிருக்கிறார்கள்.

இனி புத்தகம் என்ற பொருளைப் பற்றி. நான் வாங்கியது பழைய புத்தகக் கடையில், ஆங்கில மொழிபெயர்ப்பு, பாக்கெட் அளவு. முதுகை வெட்டிச் சமப்படுத்திச் சூடான பசை பூசி அட்டையை ஒட்டும் வகை. இந்த வகைக்கு வேலூர் மே மாதம் ஆகாது. பல கோடையைப் பார்த்த பசை இறுகி, நடுவில் வளைத்துத் திறந்ததும் சத்தத்தோடு வெடித்தது. பக்கங்கள் கத்தையாகக் கையோடு வந்தன. பனியும் சேறுமாக ஸ்டாக்ஹோமில் கதை நடக்க, இங்கே மின்விசிறிக் காற்றில் அத்தியாயங்கள் பறந்தன. கணக்குப் பேரேடுகள் தைக்கும் பைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பாய் ஒரு தாளை எடுத்து இரண்டு விரலால் உரசிப் பார்த்தார். “தாள் நன்றாகத்தான் இருக்கிறது சார். பசைதான் செத்துப்போயிற்று. தைத்தால் நிற்கும், ஆனால் ஓரம் கொஞ்சம் போகும்” என்றார். பழைய பசையைக் கத்தியால் சுரண்டி எடுத்து, கட்டைத் தட்டி நேராக்கி, ஓரத்தில் துளை போட்டு வெள்ளை நூலால் இறுக்கித் தைத்து, முதுகில் காலிகோ துணி ஒட்டிக் கொடுத்தார். இனி என் காலத்துக்கு அது பிரியாது.

ஆனால் அவர் சொன்னபடியே ஓரம் போயிற்று. இடப்பக்க வரிகளின் கடைசிச் சொல்லும் வலப்பக்க வரிகளின் முதற்சொல்லும் பாதி தையலுக்குள் இருக்கின்றன. இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிடித்தால்தான் தெரியும். பிடியைத் தளர்த்தினால் புத்தகம் மூடிக்கொள்ளும். பிற்பாதி முழுவதையும் இப்படித்தான் படித்தேன். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிப்பது முடியாது. வீட்டில் மேசைமுன் உட்கார்ந்து படிக்க வேண்டியதாயிற்று. அதனால் வேகம் குறைந்தது. அந்த வேகத்தில்தான் ரெபெக்கா லிண்ட் எனக்கு முழுதாகக் கிடைத்தாள்.

இந்தப் புத்தகத்தின் உயிர் அந்தப் பெண். பதினெட்டு வயதையொட்டியவள், கையில் குழந்தை, செடிகொடி வளர்க்கத் தெரியும், அரசாங்கம் எப்படி இயங்குகிறது என்பது துளியும் தெரியாது. குழந்தையின் தகப்பன் ராணுவத்திலிருந்து ஓடிவந்த அமெரிக்கன். திரும்பிப் போனவனை அங்கே சிறையில் போட்டுவிட்டார்கள். அவனைப் பார்க்கப் போகப் பணம் வேண்டும். பணம் இல்லாதவர்களுக்கு வங்கி கடன் கொடுக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, நேரே ஒரு வங்கிக்குள் போகிறாள். கொள்ளையடிக்க வந்தவள் என்று பிடித்துவிடுகிறார்கள்.

வேறு எந்த வாசகரைவிடவும் இந்த இடம் என்னைப் பிடித்து உலுக்கியிருக்கும் என்று நினைக்கிறேன். குடியாத்தத்தில் நான் உட்கார்ந்திருப்பது கவுண்டரின் அந்தப் பக்கம். பீடி சுற்றுகிறவர்கள், தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், கைத்தறி வீட்டுப் பெண்கள் தினமும் வருகிறார்கள். குழுவாக வருகிறவர்களுக்கு வழி தெரியும். தனியாக முதல் தடவை வருகிறவளுக்குத் தெரியாது. ரேஷன் கார்டும் ஆதாரும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, பணம் கட்டும் வரிசையில் அரைமணி நேரம் நின்று, என்முன் வந்ததும் “கடன் வேண்டும் சார்” என்பாள். வரிசையில் பின்னால் நிற்கிறவர் முனகுவார். காவலாளி ஓரடி முன்னால் வருவார். இந்த வரிசை இதற்கில்லை அம்மா, மாடிக்குப் போங்கள் என்று நான் சொல்வேன். அவள் மாடிக்குப் போனாளா, வாசலோடு போய்விட்டாளா என்று திரும்பிப் பார்க்க எனக்கு நேரம் இருக்காது. காவலாளி எடுத்து வைக்கும் அந்த ஓரடியிலிருந்து என்னவெல்லாம் பிறக்கலாம் என்பதை ஷோவாலும் வாலோவும் பத்தாவது புத்தகம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். நீதிமன்றத்தில் அவளுக்காக வாதாடும் வக்கீல் பார்வைக்கு ஏனோதானோ என்றிருப்பார், பேச்சு எங்கெங்கோ போகும். ஆனால் அந்த அறையில் அவளை மனுஷியாகப் பார்க்கிற வெகுசிலரில் அவர் ஒருவர். பெக் சாட்சி சொல்ல வருகிறார். அங்கே, சில பக்கங்களுக்கு, பழைய பெக் திரும்பி வந்துவிடுகிறார். சத்தமில்லாமல், அளந்து, உண்மையை மட்டும் சொல்கிறார்.

முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். உலகமே தேடும் கொலையாளிகளுக்காகப் போலீஸ் காத்திருக்க, ரெபெக்கா ஒரு பழைய துப்பாக்கியோடு வந்து நாட்டின் பிரதமரைச் சுட்டுவிடுகிறாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. கவனிக்கப்பட வேண்டியவள் என்று யாருக்கும் தோன்றவில்லை. புத்தகம் வந்தது 1975. ஸ்வீடன் பிரதமர் ஓலோப் பால்மே ஸ்டாக்ஹோம் தெருவில், மனைவியோடு சினிமா பார்த்துவிட்டு நடந்து வரும்போது சுடப்பட்டது 1986 பிப்ரவரி 28. இதை ஆரூடம் என்று சிலாகிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் ஆர்வமில்லை. ஆசிரியர்கள் ஆரூடம் சொல்ல உட்காரவில்லை. ஒரு பெண்ணை ஒவ்வொரு கதவாகத் தட்டவிட்டு, எந்தக் கதவும் திறக்காததைப் பொறுமையாக எழுதினார்கள். அவள் செய்தது கொலைதான், அதை அவர்கள் மழுப்பவில்லை. ஆனால் படித்துக்கொண்டிருந்த எனக்கு அவளைக் குற்றவாளி என்று அழைக்க வாய் வரவில்லை.

ஆக, செனட்டரும் வெடிகுண்டும் வரும் பகுதிகள் வேறொரு புத்தகத்திலிருந்து வந்தவை. ரெபெக்கா வரும் பகுதிகள் வரிசையிலேயே மிகச் சிறந்தவை. ‘ரோஸானா’வுக்கும் நான்காவதுக்கும் மேலே வைப்பேன். இரண்டையும் ஒரே அட்டைக்குள் தைத்திருக்கிறார்கள். ஸ்வீடன் சமூகத்தைத் திட்டும் பிரசங்கங்களும் இடையிடையே உண்டு. முந்தைய புத்தகங்களில் அவை கதையின் ஓரமாக நடந்து வந்தன, இதில் குறுக்கே வந்து நிற்கின்றன. சொல்வது சரி என்றே எனக்குப் படுகிறது. ஆனால் ரெபெக்கா வாய் திறக்காமலே சொல்லிவிட்டதை ஆசிரியர் மறுபடி சொல்லும்போது அலுப்பு வருகிறது.

கடைசி அத்தியாயத்தில் கோல்பெர்க் திரும்பி வருகிறார். வேலையாக அல்ல, வீட்டில். அவர், அவர் மனைவி குன், பெக், ரேயா நான்கு பேரும் உட்கார்ந்து காகிதத்தில் எழுத்துகளை நிரப்பும் ஒரு சொல் விளையாட்டு ஆடுகிறார்கள். சாப்பாடு, மது, பழைய சிநேகம். நீ தப்பான இடத்தில் தப்பான வேலையில் இருக்கிறாய் என்கிற பொருளில் கோல்பெர்க் பெக்கிடம் ஏதோ சொல்கிறார், யாருக்கும் வருத்தமில்லை. பிறகு தன் முறை வந்ததும் ஓர் எழுத்தைச் சொல்கிறார், மார்க்ஸ் என்ற பெயரில் வரும் எழுத்து என்கிறார். முந்நூறு அத்தியாயம் அந்தப் பெயரோடு முடிகிறது. முதல் முறை படித்தபோது இவ்வளவுதானா என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். பாய் ஒட்டிய வெள்ளைத் தாள் இருந்தது. மறுநாள் மறுபடி படித்தேன். நான்கு பேர் ராத்திரியில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள், யாரும் சாகவில்லை, தொலைபேசி மணி அடிக்கவில்லை. பத்துப் புத்தகத்தில் பெக்குக்கு இப்படி ஓர் இரவு கிடைப்பது அபூர்வம். நன்றாக முடித்திருக்கிறார்கள். இதைவிட நன்றாக முடிக்க முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகும் என் நண்பருக்கு நான் எழுதியனுப்பிய பதில்: வாங்க வேண்டாம், ஒன்பதோடு நிறுத்துங்கள். ‘காப் கில்லர்’ முடித்துவிட்டு இதைத் தொடாமல் அலமாரியில் வைத்திருந்த நாளெல்லாம் பெக் வேலையில் இருந்தார். எங்கோ ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது, எப்போது வேண்டுமானாலும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்ற தைரியம் எனக்கு இருந்தது. இப்போது இல்லை. புத்தகத்தின் தரத்துக்கும் இந்தத் தீர்ப்புக்கும் சம்பந்தமில்லை என்று அவர் சொல்வார், சொல்லட்டும். ரெபெக்காவுக்காகப் படித்தே தீருவேன் என்றால், பசை ஒட்டிய பழைய பிரதி வேண்டாம், புதிதாக ஒன்று வாங்குங்கள். என்னுடையதைக் கேட்க வேண்டாம், தரமாட்டேன்.